வில்லின் எடையை உன் தோள் சொல்லட்டும்!

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு வில் வாங்கப் போகிறவனிடம் கடைக்காரர் முதலிலேயே கேட்டுவிடுவார்: "எத்தனை பவுண்டு இழுப்பீங்க?" அந்த ஒரு நொடியில் எத்தனை ஆண்கள் பொய் சொல்கிறார்கள் தெரியுமா? தோள் ஐம்பது என்கிறது. வாய் எழுபது என்கிறது. பக்கத்தில் நிற்கிறவன் அறுபத்தைந்து என்று சொன்னது காதில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். பணத்தைக் கட்டி எழுபது பவுண்டு வில்லைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். அன்றைக்கே அவன் மானைத் தவறவிட்டாயிற்று. அது அவனுக்குத் தெரிய இன்னும் சில மாதங்கள் ஆகும்.

"எனக்கும் வில்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதே தம்பி. நம் நாட்டில் மானை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைச் செய்யச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அங்கே அரசே உரிமம் கொடுத்து, இலையுதிர்காலத்தில் பருவம் திறந்து நடத்துகிற வில் வேட்டையில், ஒரு மனிதன் தன் பலத்தைத் தானே அளந்து சொல்லியாக வேண்டும். சொன்ன எண் பொய்யானால் காட்டில் ஓர் உயிர் அதற்கு விலை கொடுக்கும். தன்னம்பிக்கையைப் பேச இதைவிடக் கறாரான களம் எனக்குத் தெரியவில்லை. மேடையில் கைதட்டல் வாங்கும் தன்னம்பிக்கை எல்லோரிடமும் இருக்கிறது. தராசில் ஏறி நிற்கத் துணியும் தன்னம்பிக்கை யாரிடம் இருக்கிறது?

முதலில் கணக்கைப் புரிந்துகொள். நாணைப் பின்னுக்கு இழுக்கும்போது வில் உன் கையை எவ்வளவு பலமாக எதிர்க்கிறதோ அதுதான் இழுவிசை. அதைப் பவுண்டில் சொல்வது வழக்கம். 70 பவுண்டு என்றால் ஏறக்குறைய 32 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கனம். மூட்டையைத் தூக்கும்போது தம் கட்டலாம், முனகலாம், ஒரு குலுக்குக் குலுக்கித் தோளில் ஏற்றலாம். வில்லிடம் அந்த வேலையெல்லாம் நடக்காது. 20 கெஜம் தள்ளி நிற்கிற மானின் கண்ணும் காதும் உன் பக்கம்தான் இருக்கும்.

இன்று அங்கே பல வேட்டைக்காரர்கள் கையில் இருப்பது காம்பவுண்ட் வில். மிசௌரிக்காரரான ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-ல் பெற்ற கண்டுபிடிப்பு. வில்லின் இரு முனைகளிலும் கப்பி மாதிரிச் சக்கரங்கள் இருக்கும். நாணை இழுத்து உச்சத்தைத் தாண்டியதும் எடை சட்டென்று இறங்கிவிடும். 80 சதவீதம் இறங்கும் வில் என்றால், 70 பவுண்டு உச்சத்தைத் தாண்டிய பிறகு நீ பிடித்து நிற்க வேண்டியது வெறும் 14 பவுண்டு. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பதினான்கு என்ற எண் இனிக்கிறது. அங்கே போய்ச் சேரும் வழியில் எழுபது என்ற மேடு குறுக்கே கிடப்பது மறந்துபோகிறது.

சக்கரம் இல்லாத ரீகர்வ் வில்லிலும் லாங்போ என்ற நீள வில்லிலும் அந்தச் சலுகையும் கிடையாது. இழுக்க இழுக்க எடை ஏறிக்கொண்டே போகும். முழுதாக இழுத்துக் குறி பார்க்கும் நேரத்தில் மொத்த எடையும் மூன்று விரலில் நிற்கும். அந்த வில்களில் எழுதியிருக்கும் எண் 28 அங்குல இழுப்புக்கு உரியது. ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் 2, 3 பவுண்டு மாறும். 26 அங்குலம் மட்டுமே இழுக்கிற குட்டைக் கைக்காரனுக்கு 45 என்று எழுதிய வில் 40 பக்கம் வந்து நிற்கும். நீண்ட கைக்காரனுக்கு அதே வில் 50-ஐத் தொடும். வில்லில் எழுதிய எண்ணே ஆளுக்கு ஆள் மாறுகிறதென்றால், அடுத்தவன் எண்ணை நீ எதற்குச் சுமக்கிறாய்?

சரி, ஒரு மானை வீழ்த்த எவ்வளவுதான் வேண்டும்? சட்டத்தைக் கேள். மினசோட்டாவில் குறைந்தது 30 பவுண்டு. கொலராடோவில் 35. அலாஸ்காவில் மானுக்கு 40, மூஸ் என்ற ராட்சத மானுக்கு 50. எழுபது வேண்டும் என்று எந்த மாநிலமும் மான் வேட்டைக்காரனைக் கேட்கவில்லை.

இயற்பியலைக் கேள். அம்பின் எடையைக் கிரெயினில் எடுத்துக்கொள். அதை நொடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240-ஆல் வகு. அம்பு சுமந்து போகும் ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். மானுக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு என்பது அம்புத் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் அளவு. 350 கிரெயின் அம்பு, அதாவது 23 கிராமுக்கும் குறைவான ஒரு குச்சி, நொடிக்கு 220 அடி வேகத்தில் போனாலே 37-க்கு மேல் வந்துவிடுகிறது. ஆளுக்குப் பொருத்தமாகச் சீரமைத்த 45, 50 பவுண்டு காம்பவுண்ட் வில்லே இந்த வேலையை முடித்துவிடும்.

துப்பாக்கிக் குண்டு மோதிச் சாய்க்கும். அம்பின் வேலை அறுப்பது. சவரக்கத்திக் கூர்மைக்குத் தீட்டிய முனை இரண்டு நுரையீரல்களையும் ஊடுருவினால் மான் சில நொடிகளில் சாய்ந்துவிடும். பக்கவாட்டில் நிற்கிற மானில் அந்த இடம் சுமார் 20 செ.மீ. அகலம், அவ்வளவுதான். எடை குறைந்த வில் வைத்திருக்கும் விவரமான ஆள், பாய்ந்ததும் விரிகிற முனைகளை வாங்க மாட்டார். விரிவதற்கே ஆற்றல் செலவாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். நிலையான இரண்டு பிளேடு முனையைப் போட்டு, அதை நன்றாகத் தீட்டி வைப்பார். மழுங்கிய முனையோடு எழுபது பவுண்டை இழுத்து என்ன பயன்?

"வேகம் கூடுமே" என்பாய். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. 20 கெஜம் என்பது 60 அடி. நொடிக்கு 250 அடி போகும் அம்பு அதைக் கடக்க 0.24 நொடி ஆகும். 10 பவுண்டை ஏற்றி வேகத்தை 270 ஆக்கினால் 0.22 நொடி. நாண் விடுபடும் சத்தமோ நொடிக்கு 1,100 அடிக்கு மேல் ஓடி, 0.05 நொடி சொச்சத்தில் மானின் காதில் விழுந்துவிடும். சத்தம் கேட்ட மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே பறந்து போகும். நீ அறுபது இழுத்தாலும் எழுபது இழுத்தாலும் சத்தம்தான் முந்தப் போகிறது. மிச்சமாகும் 0.02 நொடிக்காகத் தோள் தசைநாரைக் கிழித்துக்கொள்கிறாயே! மானிடம் ஜெயிப்பது சத்தம் போடாத வில், பதறாத கை, அருகே வரும்வரை காத்திருக்கும் பொறுமை.

பிறகு எதற்கு எழுபது? பெருமைக்கு. வேறொன்றுமில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உன் தோள் எழுபதை அலட்டிக்கொள்ளாமல் இழுக்கிறதா, தாராளமாக எடு. அது உன் எண். நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் அடிப்பது இரவல் எண்ணை.

எடையில்தான் வீரம் என்று நம்புகிறவர்கள் கொரியப் பெண்களைப் பார்க்கட்டும். 1988 முதல் 2024 வரை தொடர்ந்து பத்து ஒலிம்பிக்கில் மகளிர் வில்வித்தை அணித் தங்கம் தென் கொரியாவுக்குத்தான். 70 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ. உலகத் தரத்தில் ஆடும் பெண்கள் இழுப்பது சுமார் 40 பவுண்டு. இறக்கம் தரும் சக்கரம் எதுவும் இல்லாத ரீகர்வ் வில். அந்த நாற்பதை அவர்கள் ஒரே மாதிரி இழுக்கிறார்கள், ஒரே மாதிரி விடுகிறார்கள். எழுபது பவுண்டு வீராப்புக்காரனை அந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்திப் பார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். காட்டு முயலை அடித்த அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலே மேல் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே, நீங்கள் எடையைக் குறைக்கச் சொல்கிறீர்களே?

நல்ல கேள்வி. அந்தக் குறள் படைச்செருக்கு என்ற அதிகாரத்தில் இருக்கிறது. அது போர்க்களத்துப் பேச்சு. எதிரே ஆயுதம் ஏந்திய படை நிற்கிறது. குறி தவறினால் போவது உன் உயிர், அதை நீ தெரிந்தேதான் பணயம் வைக்கிறாய். அதனால் அங்கே தவறியதும் பெருமை. மான் உன்னோடு போருக்கு வரவில்லை. நடுங்குகிற கையிலிருந்து கிளம்பிக் குடலில் தைத்த அம்போடு அது புதருக்குள் ஓடும். மணிக்கணக்கில் கிடந்து சாகும். நீ இருட்டும்வரை தேடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாய். பெரிய குறி வைக்காதே என்று யார் சொன்னது? வை. தவறினால் விலை கொடுப்பது யார் என்று பார்த்துவிட்டு வை!

உன் எண் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவப்பட்ட வில்லாளிகள் காலங்காலமாகச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு முக்காலியில் உட்கார். இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள். அம்பைப் பூட்டி, வில்லைக் குறிப்பலகைக்கு நேராக நீட்டு. இப்போது இழு. வில் வானத்தைப் பார்த்து ஏறுகிறதா? இடுப்பு முறுக்குகிறதா? பல்லைக் கடிக்கிறாயா? எடை கூடுதல். வில் குறியை விட்டு அசையாமல் நாண் கன்னத்தருகே வந்து சேர்ந்ததென்றால், அரை நிமிடம் அப்படியே இரு.

அம்பை விட்டுவிடாதே. இனிமேல்தான் பரீட்சை. நாணை மெல்ல, சத்தமில்லாமல் முன்னுக்குக் கொண்டுபோய் இறக்கு. மான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால் காட்டில் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். இழுக்கத் தெரிந்த பலருக்கு இறக்கத் தெரியாது. கை உதறும், வில் முன்னுக்குப் பிடுங்கும், மான் பறந்துவிடும். கௌரவமாக இறக்க முடியாத எடை உன் எடை இல்லை.

இந்தச் சோதனையை ஜூலை மாத வெயிலில் மைதானத்தில் செய்து ஏமாந்துபோகாதே. வேட்டை நடப்பது அங்கே இல்லை. நவம்பர் விடியற்காலை. மரத்தில் ஐந்து மீட்டர் உயரத்தில் ஒரு பரண். உறைநிலைக்குக் கீழே குளிர். உடம்பில் மூன்று அடுக்குத் துணி, தோளை மடக்கவே இடமில்லை. விரலில் உணர்ச்சி பாதிதான். அசையாமல் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆனபின், காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்கிறது. அப்போது இழுக்கப் போகும் தோள், முப்பது அம்பு எய்து சூடேறிய தோள் இல்லை. ஆகவே கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு, காலையில் எழுந்த கையோடு, உடம்பு சூடாகாத முதல் அம்பில் சோதித்துப் பார். அந்த முதல் அம்பு சொல்வதுதான் உன் எடை. முப்பதாவது அம்பு சொல்வது உன் ஆசை.

தேறவில்லையா? அறுகோணத் திருகுச் சாவியை எடு. காம்பவுண்ட் வில்லின் கைப்பிடிப் பகுதியோடு மேல் தண்டும் கீழ்த் தண்டும் சேரும் இடங்களில் தலா ஒரு திருகாணி இருக்கும். இரண்டையும் ஒரே அளவுக்கு இளக்கு. முழுச் சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய 2, 3 பவுண்டு இறங்கும். வில்லைச் செய்தவர்கள் குறித்த எல்லைக்கு மேல் இளக்காதே. எடை மாறியதும் அம்பின் விறைப்பு அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள். அம்பு பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் குறையவே கூடாது. வெறும் நாணை இழுத்து விட்டுவிடாதே, வில்லே சிதறும்.

இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. ஆனால் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தத் திருகாணியை இளக்கும் கை இருக்கிறதே, அந்தக் கைக்குத்தான் நான் வணக்கம் சொல்வேன். சுற்றி நின்று சிரிக்கிறார்களா? சிரிக்கட்டும்! நவம்பரில் பரண்மேல் அவர்கள் யாரும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

இஷி என்ற மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1911 ஆகஸ்ட் 29 அன்று வட கலிபோர்னியாவில் ஓரோவில் ஊரின் இறைச்சிக்கூடத்துக்கு அருகே, பட்டினியால் மெலிந்த நிலையில் அவர் பிடிபட்டார். யாஹி இனத்தில் மிஞ்சியிருந்த கடைசி ஆள். அவருடைய மக்களை வெள்ளைக் குடியேறிகள் 19-ஆம் நூற்றாண்டில் வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழக மானுடவியலாளர்கள் ஆல்ஃபிரட் குரோபரும் தாமஸ் வாட்டர்மனும் அவரைச் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தார்கள். அங்கேயே வாழ்ந்து 1916-ல் காசநோயில் இறந்தார். இந்த வாழ்க்கையைப் பிழிந்து 'சோதனைகளை வென்ற சாதனையாளர்' என்று எழுதுவது அயோக்கியத்தனம். அதை நான் செய்யப் போவதில்லை. அவர் கையிலிருந்த வில்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப், இஷியிடம் வில் கற்றார். கற்றதை 1918-லும் 1923-லும் நூலாக எழுதினார். அமெரிக்காவில் நவீன வில் வேட்டை பரவியதற்கு அந்த எழுத்து ஒரு பெரிய காரணம். இஷியின் வில் ஜூனிப்பர் மரத்தில் செய்தது. முதுகில் மானின் தசைநார் ஒட்டியிருக்கும். அதை முழுதாக இழுத்தால் எடை எவ்வளவு? சுமார் 45 பவுண்டு! இதைவிடப் பலமான வில்லை இஷியால் செய்ய முடியும், செய்தும் காட்டியிருக்கிறார். ஆனாலும் வேட்டைக்கு அவர் விரும்பியது இந்த எடையைத்தான் என்று தோன்றியதாகப் போப் பதிவு செய்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் வில்லையே நம்பி உயிர் பிழைத்த மனிதரின் எண் அது. கடைக்காரர் முன்னால் கூச்சப்பட்டுச் சொன்ன எண் இல்லை.

மீதியை அவர் எதைக் கொண்டு நிரப்பினார் என்று பார். மான் வேட்டைக்கு முந்தின நாள் மீன் தொட மாட்டார், வாடை காட்டிக்கொடுத்துவிடும். புகையிலை நாற்றம் மேலே படவிட மாட்டார். விடிந்ததும் தலை முதல் கால்வரை குளித்து, வாய் கொப்பளித்து, வெறும் வயிற்றோடு கிளம்புவார். மடித்த இலையை உதட்டில் வைத்து உறிஞ்சிக் குட்டிமான் கத்துவதுபோல ஒலி எழுப்புவார், பெண்மான் தேடிக்கொண்டு வரும். குந்தி உட்கார்ந்து, கிட்டத்தில் வைத்து எய்வார். இருபத்தைந்து பவுண்டு கூடுதலாக இழுத்துத் தூரத்திலிருந்து அடிக்கலாமே என்று அவர் யோசித்திருக்க மாட்டார். பக்கத்தில் போகத் தெரிந்தவருக்கு அது தேவைப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்பாடா, எனக்கு இருபத்தைந்து போதும்" என்று சாய்ந்து உட்கார்ந்துவிடாதே! அடுத்த உதை உனக்குத்தான். வீராப்புக்கு எழுபது எடுக்கிறவன் ஒரு வகைப் பொய்யன் என்றால், சோம்பலுக்கு இருபத்தைந்தில் நிற்கிறவன் இன்னொரு வகை. சட்டம் ஒரு தரையைப் போட்டிருக்கிறது. அந்தத் தரைக்குக் கீழே நின்றுகொண்டு மானைக் குறிபார்க்க உனக்கு உரிமை கிடையாது. எட்டவில்லையென்றால் இந்த ஆண்டு காட்டுக்குப் போகாதே, மைதானத்துக்குப் போ. தங்கையே, உனக்கும் சொல்கிறேன். "பொம்பளைக்கு இது போதும்மா" என்று ஒரு வண்ண வில்லைக் கையில் திணிக்கும் கடைக்காரரிடம், "போதுமா இல்லையா என்று இழுத்துப் பார்த்துவிட்டு நான் சொல்கிறேன்" என்று சொல்.

ஹியூ லாட்டிமர் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1549-ல் இளம் மன்னர் ஆறாம் எட்வர்டின் முன்னிலையில் ஆற்றிய பிரசங்கம் ஒன்று இருக்கிறது. அதில் தம் தந்தையை நினைவுகூர்கிறார். உழவரான தந்தை, மகனுக்கு வில்லிழுக்கக் கற்றுக்கொடுத்தாராம். கைப்பலத்தால் மட்டும் இழுக்காமல் முழு உடம்பையும் வில்லுக்குள் செலுத்தச் சொன்னாராம். மகனின் வயதுக்கும் வலுவுக்கும் தக்க வில்லை வாங்கிக் கொடுத்து, அவன் வளர வளர வில்லையும் பெரிதாக்கிக்கொண்டே போனாராம்.

அந்த வளர்ப்பு எங்கே போய் முடிந்தது தெரியுமா? 1545-ல் சோலண்ட் நீரிணையில் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலை 1982-ல் வெளியே தூக்கினார்கள். அதில் கிடைத்த நீள வில்களின் இழுவிசை 100 முதல் 185 பவுண்டு வரை இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்றைய ஜிம் உடம்பும் திணறுகிற எடை. அந்த வில்லாளிகளில் ஒருவன்கூட முதல் நாளே நூற்றைம்பதைத் தூக்கவில்லை. சிறுவனாக இருந்தபோது அவன் கையில் இருந்தது சிறுவனின் வில்தான். அதை வைத்துக்கொண்டு அவன் வெட்கப்படவும் இல்லை, அதிலேயே தங்கிவிடவும் இல்லை.

ஏறும் வழி இதுதான். அக்டோபர் வேட்டைக்கு மார்ச்சிலேயே தொடங்கு. வாரத்தில் மூன்று நான்கு நாள் போதும், நடுவில் தோளுக்கு ஓய்வு கொடு. பாதி நேரம் எய்யவே எய்யாதே. இழு, பிடி, இறக்கு. தோள்பட்டை எலும்புகள் முதுகில் ஒன்றையொன்று நெருங்குவது தெரிய வேண்டும். பயிற்சியின் கடைசி அம்பும் முதல் அம்பைப் போலவே சுத்தமாகப் போகும் நாள் வரும். அன்றைக்குத் திருகாணியை ஒரு சுற்று இறுக்கு. இரண்டு பவுண்டு. அதிலேயே சில வாரம் இரு. மறுபடி ஒரு சுற்று. தசை வலித்தால் நல்லது, மூட்டு வலித்தால் நிறுத்து. இப்படி ஏறிய ஐம்பதை எந்தக் குளிரும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது.

நம் ஊரில் வில் பேச்செடுத்தால் வல்வில் ஓரி வந்துவிடுவான். கொல்லிமலைத் தலைவன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பு துளைத்ததாகப் புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் பாடுகிறார். மேடைப் பேச்சாளர்கள் அந்த அம்போடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் வருவது. அவன்தான் ஓரி என்று அறியாத பாணர்கள் பாடிப் புகழ்ந்து அரசனுக்குரிய பெயரைச் சொன்னதும், அந்த வில்லாளி கூச்சப்படுகிறான். வந்தவர்களுக்கு மான் கறியும் கள்ளும் கொடுத்துப் பொன்னும் அள்ளித் தருகிறான், தன் வில்லின் பெருமையைப் பேசவில்லை. ஓரி தன் வில்லின் எடையை யாரிடமும் சொன்னதாகப் பாட்டில் இல்லை!

இனி உன் கதைக்கு வா. நண்பன் 80 லட்சம் வீட்டுக்கடன் போட்டான் என்று நீயும் கையெழுத்துப் போடப் போகிறாயா? பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த பாடத்தைத்தான் உன் மகளும் எடுக்க வேண்டுமா? அலுவலகத்தில் ஒருவன் மூன்று வேலையைச் சேர்த்து இழுக்கிறான் என்று நீயும் நான்காவதை மாட்டிக்கொள்கிறாயா? முக்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டு இழுத்துப் பார். மாதக் கடைசியில், காய்ச்சல் அடிக்கிற நாளில், யாரும் கைதட்டாத நேரத்தில் அதை அசையாமல் பிடிக்க முடிகிறதா? சத்தமில்லாமல் இறக்கி வைக்கவும் முடிகிறதா? முடிகிறதென்றால் எடு, எவன் தடுத்தாலும் எடு! முடியவில்லையென்றால் இன்று ஒரு சுற்று இளக்கு. நாளை மறுநாள் தொடங்கி ஏறு.

இந்த வாரத்துக்குள் ஒரு தாளை எடுத்து இரண்டு எண் எழுது. ஒன்று, இன்று உன்னால் நடுங்காமல் இழுக்க முடிகிற எடை. மற்றது, அடுத்த ஆண்டு இதே நாளில் நீ நடுங்காமல் இழுக்கப் போகும் எடை. முதல் எண்ணை ஊருக்கே உரக்கச் சொல். இரண்டாவதை யாரிடமும் சொல்லாதே, உழை!